சுத்தியல் வேண்டாம், புல்லர் கேளுங்கள்



திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பால் கேனும் புல்லுக்கட்டும் சுமப்பது டிவிஎஸ் மொபெட்தான். 1980-ல் வந்த டிவிஎஸ் 50 தொடங்கி வைத்த பழக்கம். அந்த வண்டியின் மேக்னட் கழலவில்லை என்றால், பல பட்டறைகளில் முதலில் கைக்கு வருவது சுத்தியல். இதை நாம் ஏற்கக்கூடாது.

கிராங்க் தண்டின் முனை கூம்பு வடிவம். மேக்னட்டின் துளையும் அதே கூம்பு. நட்டை இறுக்கும்போது இரண்டும் கவ்விக்கொள்ளும். நட்டைக் கழற்றினாலும் பிடி விடாது. உள்ளே இருக்கும் சிறிய கீ, தீப்பொறி சரியான நேரத்தில் விழுவதற்காக மேக்னட்டை அதன் இடத்தில் நிறுத்துகிறது, அவ்வளவுதான். விளிம்பில் அடித்தால் காந்தம் விரிசல் விடலாம், தண்டு வளையலாம், முனையின் மரை நசுங்கலாம்.

பெரும்பாலான மேக்னட்டுகளின் நடுவில் மரை வெட்டியிருப்பதே புல்லருக்காகத்தான். அந்த மாடலுக்கான புல்லரை முழுவதும் திருகி, நடு போல்ட்டை இறுக்கினால் 'டக்' என்று வந்துவிடும். வராவிட்டால் போல்ட் தலையில் லேசாக ஒரு தட்டு. சுத்தியலுக்கு அங்கே மட்டும்தான் வேலை.

"அவசரம் சார், ஆள் நிற்கிறார்" என்பார்கள். கிராங்க் கெட்டால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அத்தனை நாளும் பால்காரர் எதில் பால் ஊற்றப் போவார்?

தொழில் பழக வரும் பையன்களுக்கு முதல் வாரமே புல்லரைக் கையில் கொடுங்கள். வண்டியை விடுகிறவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "தம்பி, புல்லர் இருக்கா?"