மருத்துநீரும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்

சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் வைத்து நீராடுவது இலங்கைத் தமிழரின் பழைய வழக்கம். துளசி, வில்வம், அறுகு, தாமரைப்பூ, மாதுளம்பூ, மஞ்சள், சுக்கு, திப்பிலி எனப் பலவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய நீரைப் புண்ணியகாலத்தில் பெரியவர் ஒருவர் நம் தலையில் வைத்து வாழ்த்துகிறார். பிறகு நீராடல், புத்தாடை, கோயில், கைவிசேஷம். ஹட்டன் மாணிக்கப் பிள்ளையார் கோயிலிலும் தோட்டத்து மாரியம்மன் கோயில்களிலும் அன்று திரளும் கூட்டத்தைப் பக்தி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அங்கே மனங்களும் ஆறுதல் தேடி வருகின்றன. மலையகத்தில் உளவளத்துணை வேரூன்ற வேண்டுமானால் அது இந்தச் சடங்குகளை ஒதுக்கிவிட்டு வர முடியாது. அவற்றோடு சேர்ந்தே வர வேண்டும்.

இதைப் பேச வேண்டிய அவசரம் இப்போது கூடியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளையும் மனிதர்களையும் சேர்த்து மூடின. சாவு விழுந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை என்பது நம் வழக்கம். அந்த வீட்டைத் தனியே விடாமல் அயலார் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதும் நம் வழக்கமே. துக்கத்துக்குக் காலம் கொடு, ஆனால் துக்கப்படுகிறவரைத் தனியே விடாதே என்று இன்று உளவியல் சொல்வதை லயத்து மக்கள் படிக்காமலே செய்துவந்திருக்கிறார்கள். ஆண்டு பிறக்கும் அந்த எட்டு மணி நேரப் புண்ணியகாலமும் அப்படித்தான். வேலையை நிறுத்து, பழையதைக் கழுவு, பெரியவர் முன் குனி, பிறகு தொடங்கு என்று அது மனத்துக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. வானத்தையும் நாட்கூலியையும் நம்பியிருக்கும் வாழ்க்கைக்கு அந்த ஒழுங்கு பெரிய பிடிமானம்.

இது வெறும் நம்பிக்கை அல்ல என்பதற்கு, நம்மைப் போலவே தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்களின் மொரீசியசிலிருந்து சான்று கிடைக்கிறது. தைப்பூசக் காவடி எடுப்பவர்களை மானிடவியலாளர் திமித்ரிஸ் சிகாலதாஸ் குழுவினர் ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். காவடியால் உடலுக்கு நீடித்த தீங்கு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. கூடுதல் வலியை ஏற்றவர்களே தம் மனநிலை கூடுதலாகத் தேறியதாக உணர்ந்திருந்தனர். நாட்பட்ட நோயோடும் வறுமையோடும் வாழ்ந்தவர்களே கடுமையான நேர்த்திக்கடனை நாடினார்கள் என்பதும் தெரிந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை ரகுராம் உள்ளிட்ட மருத்துவர்கள் கவனித்து 2002-இல் எழுதினார்கள். அன்றாடக் கோயில் பணியில் ஈடுபடுத்தி, உறவினரோடு சில வாரங்கள் தங்கவைத்ததிலேயே நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப்பயிற்சியோடு மந்திரம், செபம் ஆகியவற்றையும் அவரவர் சமயத்துக்கேற்பச் சிகிச்சையில் சேர்த்தார். மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆறுதலின் மொழியை அவர் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார்.

இதற்கு எதிராக, தமிழ்நாட்டில் மனநோயாளிகள் தர்காவை நாடிப் போகும் ஏர்வாடியை யாரும் சுட்டலாம், சுட்டவும் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே ஒரு விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டார்கள். இறந்தவர்கள் 25 பேருக்கும் மேல். அந்தச் சாவுகளுக்குக் காரணம், நோயாளிகளைக் கட்டிவைத்து வியாபாரம் நடத்திய விடுதிகளும் மருத்துவத்துக்கு வழிவிடாத அறியாமையும். ஆகவே எல்லைக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். தூக்கம் போய்விட்டவர், காதில் குரல் கேட்கிறவர், சாவைப் பற்றிப் பேசுகிறவர் ஆகியோருக்கு மருத்துநீர் போதாது, திருநீறும் போதாது. அவர்களைக் கோடாங்கியிடம் அழைத்துப்போய் மாதங்களைக் கழிப்பது பாவம். சங்கிலி, அடி, பட்டினி எந்தப் பெயரில் வந்தாலும் குற்றம். ஏர்வாடிக்குப் பிறகு தமிழ்நாடு கற்ற பாடமும் இதுதான். அதே தர்காவில் தொழுகைக்கு வருபவருக்கு உளமருத்துவமும் கிடைக்க வழி செய்யப்பட்டது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தொழிலாளிக்கு வேண்டியது சம்பளமும் காணியும் வீடும். ஆறுதல் சொல்லி அவரை அடக்கிவைக்காதீர்கள் என்பது அது. அதில் உண்மை இருக்கிறது. நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டவே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்களிடம் மனத்தை அமைதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வது அநீதி. ஆனால் மனம் முறிந்தவரால் போராடவும் முடியாது. கோயில் முற்றத்தில் ஒன்றுகூடிப் பழகிய மக்களே உரிமைக்கும் ஒன்றுகூடுகிறார்கள். சடங்கைச் செலவோடு குழப்பவும் கூடாது. பண்டிகை முற்பணம் வாங்கி, கடனில் துணியெடுத்து, மிச்சத்தைச் சாராயத்தில் கரைப்பதால் எந்த மனமும் ஆறுவதில்லை. ஒரு செம்பு மருத்துநீருக்கும் ஒரு வெற்றிலைக்கும் கடன் தேவையில்லை. தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போகும் குடும்பத்துக்கும் இது பொருந்தும். போன ஆண்டில் இறந்தவரின் பெயரைச் சொல்லி விளக்கோ மெழுகுவர்த்தியோ ஏற்றுவது, பேச்சை நிறுத்திய உறவின் வாசலுக்குப் போவது, வரும் ஆண்டில் விட நினைக்கும் ஒரே ஒரு பழக்கத்தை வீட்டார் முன் சொல்வது ஆகிய எல்லாம் சடங்குதான்.

செய்ய வேண்டியவை எளியவை. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையும் மற்ற மலையக வைத்தியசாலைகளும் தமிழில் கேட்டுத் தமிழில் பேசும் உளவளத்துணையாளரைத் தோட்டங்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கோயில் நிர்வாகத்தாரையும் பூசகரையும் போதகரையும் பகைக்காமல் துணைக்கு அழைக்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள் புத்தாண்டுப் பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல் சேர்க்க வேண்டும்: மனம் தாங்காதபோது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். இந்தச் சித்திரையில் உங்கள் பிள்ளையின் தலையில் மருத்துநீர் வைக்கும்போது, வாழ்த்தோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: மனசு எப்படி இருக்கிறது? பதிலை முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு கோயிலுக்குப் புறப்படுங்கள்.