ரகசியப் பூட்டை நம்பாதீர்கள்

"ராணுவத் தரப் பாதுகாப்பு", "எங்கள் சொந்த ரகசிய முறை"... இப்படி விளம்பரம் செய்யும் மென்பொருளில் சொந்தக் கோப்புகளைப் பூட்டி வைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பூட்டின் அமைப்பு ஊருக்கே தெரிந்தாலும் சாவி இல்லாமல் திறக்கக் கூடாது. கெர்க்காஃப்ஸ் 1883-லேயே சொன்னது இது. ஏஇஎஸ் அப்படித்தான் வந்தது. 1997-ல் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு போட்டி அறிவித்தது. வந்த 15 முறைகளை உலக நிபுணர்கள் உடைக்கப் பார்த்தார்கள். தாக்குப்பிடித்து வென்றது 2001-ல் தரமானது.

பெரிய கம்பெனி என்றால் போதுமா? 2018-ல் நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரபல எஸ்எஸ்டிகள் சிலவற்றில், கடவுச்சொல் இல்லாமலே தகவலை எடுத்துக் காட்டினார்கள்!

"இலவச மென்பொருள் திடீரென நின்றுபோனால்?" நியாயமான கேள்விதான். ட்ரூகிரிப்ட் 2014 மே மாதம் அப்படித்தான் நின்றது. ஆனால் மூலநிரல் வெளியில் இருந்ததால் 2015-ல் தணிக்கையை முடிக்க முடிந்தது. பின்வாசல் எதுவும் சிக்கவில்லை. அதே நிரலிலிருந்து கிளைத்த வெராகிரிப்ட்டும் 2016-ல் தணிக்கைக்கு உட்பட்டது, கண்ட ஓட்டைகள் பல அடைக்கப்பட்டன. மூடிய மென்பொருள் செத்தால் யார் திறந்து பார்ப்பது?

சோதிக்கப்பட்ட முறை, திறந்த மூலநிரல், வெளியார் தணிக்கை. மூன்றும் இருந்தால் எடுங்கள். அதன் பிறகும் பிறந்தநாளையே கடவுச்சொல்லாக வைப்பவரை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது!