தேங்காயும் பூமியும்

சகோதரிகளே, தேங்காய் வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? உடைக்காமலேயே, 'இது முற்றல், இது இளசு' என்று சொல்லிவிடுகிறீர்கள் அல்லவா? 'ஜியோபிசிக்ஸ்' என்று சொல்கிறார்களே, பூமியின் பௌதிகம், அதுவும் ஏறக்குறைய இந்த வித்தைதான். பூமியை உடைத்துப் பார்க்க முடியுமா? பூகம்பத்தின்போது எழும் அதிர்ச்சி அலைகள் எங்கெங்கே, எவ்வளவு நேரத்தில் வந்து சேருகின்றன என்று கணக்கிட்டு, உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். பூமியின் நட்டநடுவில் ஓர் உட்கரு இருக்கிறது என்று 1936-ல் இப்படித்தான் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமன் அம்மையார் கண்டு சொன்னார். அவர் முதலில் படித்தது கணிதம். இந்தத் துறைக்குள் காலடி வைத்தது 1925-ல், முப்பத்தைந்து வயது கடந்த பிறகு!

திடீரென்று எனக்கு ஏன் இந்தச் சாஸ்திரம் என்று கேட்கிறீர்களா? எல்லாம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணால் வந்தது. பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. தேறிய பெண். அமெரிக்கா போய் ஜியோபிசிக்ஸில் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு நாள் பிற்பகல் அவள் தாயார் என்னிடம் வந்து, "வீட்டுப் பத்திரத்தைப் பாங்கியில் வைத்துக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறோம். அவரும் ரிடையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், மாமி?" என்று கேட்டாள். கண்ணில் நீர் தளும்பி நின்றது.

"இரண்டு நாள் பொறு, அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்தத் துறையிலேயே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய என் தம்பி மகளை டெலிபோனில் பிடித்தேன். அவள் சொன்னதைக் கேட்டபோது, பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

நீங்களும் கேளுங்கள். அமெரிக்காவில் இத்தகைய விஞ்ஞானத் துறைகளில் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் படிப்புக் கட்டணத்தைச் சர்வகலாசாலையே ஏற்றுக்கொள்ளும். சிக்கனமாகக் காலம் தள்ள மாதாமாதம் உபகாரச் சம்பளமும் கிடைக்கும். அதற்குப் பதிலாகப் பேராசிரியரின் ஆராய்ச்சியில் உதவ வேண்டும். அல்லது கீழ் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெறும் எம்.எஸ். படிப்பென்றால் பல இடங்களில் கைப்பணம்தான். ஆகையால், 'இடம் உண்டு' என்று கடிதம் வந்ததும் பாயசம் வைத்துவிடாதீர்கள். 'பணம் உண்டா?' என்று அடுத்த வரியையும் படியுங்கள்.

செலவே இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு கட்டணம், ஆங்கிலப் பரீட்சைக்கு ஒரு கட்டணம், விசா, விமான டிக்கெட் எல்லாம் உண்டு. மனுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டால் சில இடங்களில் செய்கிறார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். முன்பெல்லாம் கட்டாயமாக இருந்த ஜி.ஆர்.இ. பரீட்சையையும் பல இலாகாக்கள் இப்போது கேட்பதில்லை. அந்தந்த இலாகாவின் அறிவிப்பைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இங்கே மார்க்கு வரிசைப்படி இடம் கொடுப்பதுபோல் அங்கே கொடுப்பதில்லை. 'இந்தப் பெண் என்னிடம் வேலை செய்யட்டும்' என்று ஒரு பேராசிரியர் சொல்ல வேண்டும். மனுக்களுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். செப்டம்பர், அக்டோபரிலேயே அவருக்கு எழுதிவிட வேண்டும்.

நம் பெண் எழுதி வைத்திருந்ததை வாங்கிப் பார்த்தேன். 'சிறு வயது முதலே எனக்குப் பூமியின்மேல் அளவற்ற ஆர்வம்' என்று ஆரம்பம். நாற்பது பேருக்கும் அதே கடிதம். பெயர் மட்டும் மாறியிருந்தது!

"ஏண்டி, நீயாகச் செய்த வேலை ஒன்றுமே இல்லையா?" என்றேன்.

"பிராஜெக்டுக்காக ஒரு கிராமத்தில் நிலத்தடி நீர் பார்த்தோம், மாமி. நாலு இரும்புக் குச்சிகளைத் தரையில் நட்டு, மின்சாரம் செலுத்தி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தோம். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கணக்கு ஒத்து வரவே இல்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், பூமிக்கடியில் பழைய இரும்புக் குழாய் ஒன்று ஓடுகிறது! மின்சாரமெல்லாம் அதன் வழியே போய்விட்டது. அசட்டுத்தனம் என்று அதை எழுதவில்லை."

"அசடே! அதைத்தான் எழுத வேண்டும்" என்றேன்.

நாற்பது பேர் ஏழு பேர் ஆனார்கள். ஒவ்வொருவருடைய கட்டுரையையும் படித்து, புரியாத இடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, தனித்தனியே எழுதினாள். சிபாரிசுக் கடிதத்துக்கும், பெரிய பதவியில் இருந்தவரை விட்டுவிட்டு, அந்த வெயிலில் கூடவே நின்ற ஆசிரியையிடம் முதலில் போனாள்.

ஐந்து இடங்களில் இல்லை என்றார்கள். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. மிஞ்சிய ஒரு பேராசிரியர் கம்ப்யூட்டர் திரையில் வந்து பேசினார். அரை மணி நேரப் பேச்சில் இருபது நிமிஷம் இரும்புக் குழாயைப் பற்றித்தானாம்! மார்ச்சில் உபகாரச் சம்பளத்தோடு கடிதம் வந்தது. இப்படிப் பணத்தோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதென்று அங்குள்ள பல சர்வகலாசாலைகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆகையால் யாராவது அவசரப்படுத்தினாலும் பதற வேண்டாம்.

'அவ்வளவு தூரம் அனுப்ப எங்களுக்கு மனம் இல்லை' என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. தன்பாத், கரக்பூர், விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் இந்தப் படிப்பு உண்டு. 1961-ல் தோன்றிய தேசிய பூபௌதிக ஆராய்ச்சி நிலையம் ஹைதராபாத்தில் இருக்கிறது.

பெண் விமானம் ஏறிய மறுநாள் அவள் தாயார் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் தேங்காயுமாக வந்தாள். "நன்றாகச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், மாமி" என்று சிரித்தாள்.

உடைத்தேன். அழுகல்!

"போகட்டும், நம் வித்தையிலும் இரும்புக் குழாய் உண்டு" என்றேன். இருவரும் சிரித்துவிட்டு, காப்பி குடித்தோம்.