ஏரியும் பெட்டிக் காமிராவும்

கைப்பேசியிலே நொடிக்கொரு படம் எடுக்கும் இக்காலத்தில், மரப்பெட்டியும் முக்காலியும் கறுப்புத் துணியுமாகப் புறப்பட்டு, ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஓர் ஏரியை ஒரே படம் பிடிப்பதிற் கழிப்பானேன் என்று நண்பர் பலர் எம்மை வினவுகின்றனர். வினா நியாயமானதே. அதற்கு எமக்குத் தோன்றும் விடையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பெரிய காமிரா என்பது மிக எளியதொரு கருவி. முன்பலகையில் ஒரு லென்ஸ், பின்பலகையில் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி, இரண்டையும் இணைக்கும் துருத்தி, இவ்வளவே. தச்சுவேலை அறிந்தார் எவரும் இதனைச் செய்துகொள்ளலாம். ஆலப்புழையில் இசைக்கருவிகள் செய்துவந்த குடும்பத்தினரான கருணாகரன் என்பார், 1940-களில், பழுதுற்ற காமிரா ஒன்றின் துருத்தியைச் செப்பனிட நேர்ந்ததினின்று தாமே காமிரா செய்யக் கற்றார். தேக்கும் பித்தளையும் கொண்டு அவர் செய்த ‘வாகீஸ்வரி’க் காமிராக்கள் பல்லாண்டுகள் ஸ்டூடியோக்களிற் பயன்பட்டன. ஆகவே இத்தொழில் நமக்கு அந்நியமானதன்று.

இதன் சிறப்பு யாதெனின், 8 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் உள்ள பிலிம், சாதாரணக் காமிராவின் 35 மில்லிமீட்டர்ப் பிலிமைவிடப் பரப்பில் ஏறத்தாழ 60 மடங்கு பெரிது. அதனால் அக்கரைப் பனையின் மட்டையும் இக்கரைக் கோரையின் நுனியும் அதில் தனித்தனியே பதியும். முன்பலகையைச் சற்றுச் சாய்த்தால், காலடியிற் கிடக்கும் கல்லும் தொலைவில் நிற்கும் குன்றும் ஒருங்கே தெளிவுறும்.

இத்தகைய படத்தின் பயனை அறிய வேண்டுவோர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவரை நினைக்க. சென்னை அரசாங்கத்துப் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற அவர், 1858-இல் மதுரை, தஞ்சை முதலிய இடங்களிற் பெரிய காமிராவோடு சுற்றினார். கோயில்களை மட்டுமன்றி ஆனைமலையையும் வைகையாற்றையும் படம்பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். ஆனால் 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் துரை, இஃது ஆடம்பரச் செலவு என்று கருதி அவ்வேலையை நிறுத்திவிட்டார். அன்று மிச்சப்பட்ட பணம் யாது பயன் தந்தது என்பதை இன்று யாரும் அறியார்; எடுக்கப்பட்ட படங்களோ நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றன.

இனி நம் அண்டையிலுள்ள கீழ்க்கட்டளைக்கு வருவோம். இவ்வூர் ஏரியின் மிகைநீர் நாராயணபுரம் ஏரிக்குச் சென்று, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைவது இயல்பு. வழியெங்கும் இன்று வீடுகளும் சாலைகளும் மெட்ரோ இரயிலுக்கான தூண்களும் எழுந்துள்ளன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இப்புறநகர்கள் பட்ட பாட்டை நேயர்கள் மறந்திரார்.

சென்ற தை மாதத்தில் யாம் அவ்வேரிக்கரையில் முக்காலியை ஊன்றியபோது முதியவர் ஒருவர் விரைந்து வந்து, “ஐயா, நிலம் அளக்க வந்தீர்களோ?” என்று கவலையோடு கேட்டார். இல்லையெனக் கூறி, கறுப்புத் துணிக்குள் அவரை நோக்கச் செய்தோம். கண்ணாடியிலே தலைகீழாகத் தெரிந்த ஏரியை வெகுநேரம் பார்த்திருந்தார். பின்னர் வெளியே வந்து, சற்றுத் தூரத்திலிருந்த மாடிவீடுகளைச் சுட்டி, “என் சிறுவயதில் அதுவரை தண்ணீர் நிற்கும், சொன்னால் என் பேரனே நம்புவதில்லை” என்றார். அவர் சொல்லுக்குச் சான்றாகக் காட்ட ஒரு படமேனும் எம்மிடம் இல்லை, அவரிடமும் இல்லை.

இக்குறையையே யாம் பெரிதென எண்ணுகின்றோம். கைப்பேசியிலும் இதனைச் செய்யலாமே என்பர் சிலர். செய்யலாம், யாம் மறுக்கவில்லை. ஆயின் ஆயிரம் படம் எடுப்பவர் அதே இடத்துக்கு மறுமுறை செல்வதில்லை. எடுத்தவையும் கருவி மாறுந்தோறும் மறைந்துபோகின்றன. ஒரே தகட்டை நம்பிச் செல்பவனோ, நிழல் எங்கே விழுகிறது, நீர் எந்தக் கல்வரை ஏறியுள்ளது என்று அரைமணி நேரம் நோக்கிய பின்னரே மூடியைத் திறக்கின்றான். அந்த அரைமணி நேரமே அவனுக்குக் கிடைக்கும் கல்வி.

ஆதலின் நம் கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பம். மாணவர் சிலர் கூடி ஒரு பெட்டிக் காமிரா செய்யட்டும். லென்ஸின் கணக்கைப் பௌதிக மாணவரும், படம் கழுவும் முறையை இரசாயன மாணவரும் ஏற்பர். விலையுயர்ந்த பிலிம் கிடையாதாயின், மருத்துவர் பயன்படுத்தும் எக்ஸ்ரே பிலிமே போதும். சிவப்பு விளக்கொளியில் அதனைக் கையாளலாம். ஆண்டுதோறும் மழை ஓய்ந்த மார்கழியில் ஒன்றும், கத்திரி வெயிலில் ஒன்றுமாக, ஒரே கல்லின்மேல் நின்று கீழ்க்கட்டளை ஏரியைப் படம்பிடித்து, நாளும் நேரமும் குறித்து நூல்நிலையத்தில் வைத்தல் வேண்டும்.

இதனால் ஏரி காக்கப்பட்டுவிடும் என்று யாம் கூறவில்லை. ஆனால் இன்னும் ஐம்பது ஆண்டுகள் சென்றபின், “நீர் எதுவரை நின்றது?” என்று ஒருவர் கேட்பாராயின், அவரை முதியவர் ஒருவருடைய சுட்டுவிரலை மட்டுமே நம்பும் நிலையில் விடலாகாது. வரும் மார்கழிக்குள் முதற் படம் எடுக்கப்படுமாயின், அதனை இம்மலரின் அடுத்த இதழிற் காண யாம் பெரிதும் மகிழ்வோம்.