பழைய கணினியைக் கழிக்குமுன்

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த வழக்கமான இலவசத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, 2021 அக்டோபரிலேயே வெளிவந்ததாயினும், டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு ஏற்பாடும், கம்பெனி குறித்துள்ள பட்டியலில் அடங்கிய செயலியும் உள்ள யந்திரங்களையே முறைப்படி ஏற்றுக்கொள்ளும். ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல, ஒரு குற்றமும் செய்யாமலே ‘பழையவை’ என்ற பெயரை அடைந்துவிட்டன. அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி சங்கக் காரியாலயங்களில் எழுந்திருக்கிறது.

அண்மையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். அங்கே டிசைன் அறையில் இருப்பது விண்டோஸ் 10 கூட அன்று; அதனினும் மூத்த விண்டோஸ் எக்ஸ்பி. ஜக்கார்டு அட்டைகளுக்கு வேண்டிய சித்திரங்களை அதில்தான் வரைகிறார்கள். அங்கத்தினர்கள் பல ஆண்டுகளாக நெய்துவந்த முந்தி, புட்டா, கரை ஆகியவற்றின் டிசைன்கள் யாவும் அதன் வயிற்றில்தான் இருக்கின்றன. கடன் வாங்கியாவது புதுக்கணினி வாங்கி, இதை ஏலத்தில் கழித்துவிடலாம் என்றார் தலைவர். டிசைன் வரையும் பெரியவர் எழுந்து, “அதைக் கழிப்பதானால் என்னையும் சேர்த்துக் கழித்துவிடுங்கள், தலைவரே” என்றார். சிரிப்பு எழுந்தது. தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தது நல்லதே என்பது நமது அபிப்பிராயம்.

கணினியின் வயதை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது சரியன்று. அதனிடம் நாம் வாங்கும் வேலைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். சில வேலைகளுக்கு அது இன்னும் பல ஆண்டுகள் போதும். சில வேலைகளுக்கு நேற்றே போதாததாகிவிட்டது. இந்த வேறுபாட்டைக் காணாமல் தலைவரும் பேசினார், பெரியவரும் பேசினார்.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளுக்கும் நாம் உபயோகிக்கும் மென்பொருள்களுக்கும் இடையில் நின்று வேலை வாங்கிக்கொடுக்கும் அடிப்படை மென்பொருள். கோப்பைத் திற, திரையில் கோடு வரை, வெளியுலகத்தோடு தொடர்பு கொள் என்று மென்பொருள் கேட்க, இயங்குதளம் செய்துகொடுக்கிறது. புதிய இயங்குதளம் ஒவ்வொன்றும் கேட்கக்கூடிய காரியங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறது. இன்று எழுதப்படும் மென்பொருள், அந்தப் புதிய காரியங்கள் இருக்கும் என்று நம்பியே எழுதப்படுகிறது. 240 கொக்கிக்குக் குத்திய அட்டைகளை 120 கொக்கிப் பெட்டியில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அட்டையிலும் பிழையில்லை, தறியிலும் பிழையில்லை. எனினும் பூ விழாது. புதிய மென்பொருளைப் பழைய இயங்குதளத்தில் தொடங்கும்போது ‘இன்ன இடம் காணப்படவில்லை’ என்று ஓர் அறிவிப்பு வந்து நின்றுவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

இல்லாத கொக்கிகளைச் சேர்த்துக்கட்டிக் கொடுத்தால் ஓடாதா? ஓடும். அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் 98-க்கும் மில்லென்னியம் பதிப்பிற்கும் கெர்னல்எக்ஸ் என்றொரு சேர்க்கையைத் தன்னார்வலர்கள் இயற்றினார்கள். பின்வந்த இயங்குதளங்களில் மட்டுமே உள்ள காரியங்கள் பலவற்றை அது பழையதற்குள் சேர்த்துக் கொடுக்கும். விண்டோஸ் 2000-க்குக் கீழ் ஓடாது என்று கைவிடப்பட்ட ஃபயர்பாக்ஸ் 3 போன்ற உலாவிகள் அதன் உதவியால் விண்டோஸ் 98-இல் ஓடின. இதே வழியில் விண்டோஸ் 7-க்கு விஎக்ஸ்கெக்ஸ் என்ற சேர்க்கை உண்டு. எக்ஸ்பிக்கோ, குரோமியத்தின் மூலநிரலை எடுத்துத் திருத்திய சூப்பர்மியம் போன்ற உலாவிகள் கிடைக்கின்றன. குரோம் உலாவி 2016-இலும் ஃபயர்பாக்ஸ் 2018-இலும் எக்ஸ்பியைக் கைவிட்டன என்பதை நினைத்தால், இது சிறு காரியமன்று.

ஆப்பிள் கம்பெனியின் பழைய கணினிகளைப் பற்றிய செய்தி நம்மைப் போன்றவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. பவர்பிசி என்னும் செயலியைக் கொண்ட மெக்கின்டாஷ் யந்திரங்களை அக்கம்பெனி விட்டுவிட்டு இன்டெல் செயலிகளுக்கு மாறிற்று. 2011-இல் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 4-உம் பவர்பிசியைக் கைவிட்டது. ஆனால் 2010-இலேயே ஒருவர் ஃபயர்பாக்ஸின் மூலநிரலை எடுத்து, 2005-இல் வந்த டைகர் என்னும் இயங்குதளத்தில் ஓடுமாறு திருத்தி, டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற பெயரில் வெளியிடத் தொடங்கினார். அது அவருக்கு ஜீவனோபாயமன்று. ஓய்வு நேரத்துப் பணி. ஃபயர்பாக்ஸில் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் அதைத் தமதிலும் சேர்த்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். கம்பெனி கைவிட்ட யந்திரங்கள் உலகெங்கும் அவர் தோளில் நின்றன. 2021-இல் அவர் வழக்கமான வெளியீட்டை நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதில் அவரைக் குறைகூற ஒருவருக்கும் உரிமையில்லை. உபயோகித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பாரத்தில் ஒரு கைப்பிடி சுமந்தார்கள் என்ற கேள்விதான் நம் மனத்தில் எழுகிறது. மூலநிரல் எவரும் எடுத்துத் தொடரக்கூடியதாகத் திறந்தே இருந்தது என்பது மட்டும் ஆறுதல்.

இனி, எந்தச் சேர்க்கையாலும் முழுதும் தீராத சங்கடம் ஒன்றுண்டு. வங்கிக் கணக்கு, வரி, அரசுத் துறைக்கு அனுப்பும் அறிக்கை ஆகிய யாவும் இன்று உலாவி மூலமே நடைபெறுகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினி மயமாக்கும் திட்டத்திற்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்ததே. அதன் பொது மென்பொருளும் இணையத்தின் வழியே இயங்குவது. இத்தகைய தளங்கள் தம் பூட்டையும் சாவியையும் காலத்திற்குக் காலம் மாற்றிக்கொள்கின்றன. எக்ஸ்பியோடு வந்த உலாவிக்கு இன்றைய பூட்டு முறை தெரியாது. அன்றியும், தளத்தின் உண்மையை உறுதிசெய்யும் மூலச் சான்றிதழ்களுக்கும் ஆயுட்காலம் உண்டு. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி அத்தகைய சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, நேற்றுவரை திறந்த தளங்கள் பல, பழைய சாதனங்களில் திடீரெனத் திறக்கவில்லை.

இங்கே ஒரு சிறு விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். கணினியின் தாய்ப்பலகையில் காசளவு பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்துபோனால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தேதி தவறினால் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தோன்றும். யந்திரமே கெட்டது என்று எண்ணிக் கழிக்கப்பட்ட கணினிகளில் இந்தப் பேட்டரி ஒன்றே காரணமாயிருந்தவையும் உண்டு. அதன் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவைத் தாண்டாது.

பாதுகாப்பைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 மே 12-ஆம் தேதி ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் உலகமெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளின் வேலையே தடைப்பட்டது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே எக்ஸ்பிக்கு ஆதரவை முடித்துக்கொண்ட மைக்ரோசாப்ட், அன்று அதற்கும் ஓர் அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. ஆயினும் அந்தத் தீநிரலுக்குப் பெரும்பாலும் அகப்பட்டவை எக்ஸ்பி யந்திரங்கள் அல்ல. அப்போது ஆதரவு இருந்த விண்டோஸ் 7 யந்திரங்களே. அவற்றுக்கு மார்ச் மாதத்திலேயே திருத்தம் வந்திருந்தது. வாங்கிப் போடத்தான் ஆளில்லை. ஆகவே பழையதெல்லாம் ஆபத்து, புதியதெல்லாம் பத்திரம் என்ற எண்ணத்தை விட்டுவிடுவோம். ஆனால் திருத்தம் வருவதே நின்றுபோன இயங்குதளத்தில் அங்கத்தினர்களின் பணத்தை வைத்து விளையாட எவருக்கும் அதிகாரமில்லை. புதிய உலாவியை ஏற்றிவிட்டாலும், அதன் கீழே இருக்கும் இயங்குதளத்தின் ஓட்டைகள் ஓட்டைகளாகவே இருக்கும். வங்கிக் காரியங்களை எக்ஸ்பியிலோ விண்டோஸ் 7-இலோ செய்யவே கூடாது. மேற்சொன்ன சேர்க்கைகளையும் அவற்றை இயற்றியவர்களின் சொந்தத் தளத்தைத் தவிர வேறிடத்திலிருந்து எடுக்கலாகாது. யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து தந்தார் என்று ஏற்றுவது, சங்கத்தின் பெட்டகச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதேயாகும்.

இப்போது டிசைன் அறைக்குத் திரும்புவோம். அங்குள்ள எக்ஸ்பி கணினிக்கு இணையம் எதற்கு? சித்திரம் வரைந்து, அட்டை குத்துவதற்கான கோப்பைக் கொடுப்பது ஒன்றே அதன் வேலை. இணையத் தொடர்பை அறுத்துவிட்டால் அது இன்னும் நெடுநாள் உழைக்கும். அதைக் கழிக்க முடியாததற்குக் காரணமும் இருக்கிறது: டிசைன் மென்பொருள், கணினியின் பின்புறத்து அகன்ற பிரிண்டர் துளையில் செருகிய ஒரு பூட்டுச் சாதனம் இருந்தால்தான் திறக்கும். டாங்கிள் என்பார்கள். புதுக்கணினிகளில் அந்தத் துளையே பெரும்பாலும் இல்லை. பழைய இயங்குதளத்தை அப்படியே புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் யந்திரமாக வைத்து ஓட்டும் முறை ஒன்றுண்டு; வேறு வேலைகளுக்கு அது அருமையான முறை; ஆனால் இந்த டாங்கிள் அதற்குள் எளிதில் வந்து சேராது. டிசைனை பிளாப்பியில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஏற்கும் மின்னணு ஜக்கார்டுகளும் சில உண்டு. பிளாப்பி இருந்த இடத்தில் பொருத்தி, பென் டிரைவையே பிளாப்பியாகக் காட்டும் கருவி இப்போது கிடைப்பதால் அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

எனினும் அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் சுழன்று தேய்வது. ஒருநாள் அது நின்றே தீரும். பெரியவரின் பிடிவாதம் நியாயமானதுதான். ஆனால் பிடிவாதத்தால் டிஸ்க் சுழலாது. ஆகவே முதலில் அதை முழுதாகப் படியெடுத்து, அதே மாதிரி ஓட்டக்கூடிய இன்னொரு டிஸ்கில் ஏற்றி அலமாரியில் வைக்க வேண்டும். பிறகு டிசைன் ஒவ்வொன்றையும் பி.எம்.பி. என்னும் சாதாரணப் படக்கோப்பாகவும் மாற்றிவைக்க வேண்டும். கிராப் தாளில் ஒரு கட்டம் ஒரு கொக்கியையும் ஓர் ஊடையையும் குறிப்பதுபோல, அந்தப் படத்தில் ஒரு புள்ளி ஒரு கட்டமாக நிற்கும். அதைப் படிக்க எந்தக் கம்பெனியின் டாங்கிளும் வேண்டியதில்லை. இன்னும் முப்பது ஆண்டு கழித்து வரும் மென்பொருளும் படித்துக்கொள்ளும் என்று நம்பலாம்.

எழுத்துக் கோப்புகளுக்கும் இது பொருந்தும். யூனிகோடு முறைத் தமிழைக் காட்டும் வசதி விண்டோஸ் 2000-இல்தான் முதலில் வந்தது. எக்ஸ்பியில் அதைத் தனியே இயக்கிவைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் சங்கங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சுச் செய்தன. 1999-இல் டாம், டாப் எனத் தமிழ்நாடு அரசு இரண்டு குறியேற்றங்களை வகுத்தது. 2010-இல் யூனிகோடே தரமென்று அறிவித்தது. இடைக்காலத்தில் எழுதிய நடவடிக்கைக் குறிப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துக்களாகத் தெரிகின்றன. மாற்றிக்கொடுக்கும் இலவசக் கருவிகள் உள்ளன. பழைய எழுத்துரு எது என்று நினைவுள்ளவர் காரியாலயத்தில் இருக்கும்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கணக்கு எழுதவும் கடிதம் அனுப்பவும் உள்ள கணினிகளுக்கு வேறு வழி சொல்லுவோம். விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸ் போடுங்கள். இது நமது நாட்டிற்குப் புதிதன்று. 2011-இல் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸ் 7-உடன் சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் சேர்ந்திருந்தது. நெசவாளர் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் அந்த மடிக்கணினிகளில் இன்றைய லினக்ஸ் ஒன்றை ஏற்றினால், பாதுகாப்புத் திருத்தத்தோடு கூடிய புதிய உலாவி கிடைக்கும். வேகம் குறைவாயிருக்கலாம், வேலை நடக்கும். ஆனால் அங்கேயும் எல்லாம் என்றென்றைக்கும் என்று எண்ணவேண்டாம். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, பழைய 32-பிட் கணினிகளில் நிறுவுவதற்கான பதிப்பைக் கைவிட்டுவிட்டது. தன்னார்வலர்களுக்கும் கைகள் இரண்டுதானே.

நமது பிரேரணை இது. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே ஒரு மெக்கானிக்கைத் தேடி அலைவதை நிறுத்திவிட்டு, ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் சேர்ந்து, இந்தப் படியெடுக்கும் வேலையையும் மாற்றும் வேலையையும் கற்ற ஓர் ஊழியரைச் சம்பளத்திற்கு அமர்த்திக்கொள்ளலாம். ஒரே ஒரு சங்கம் வாங்கும் புதுக்கணினியின் செலவைப் பலர் பங்கிட்டால் இது பெரிய தொகையாகாது. நாம் உபயோகிக்கும் இலவச மென்பொருளை ஆக்குகிறவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு நன்கொடையை வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குவதும் தர்மமன்று, பங்குத் தொகையே. இனி வாங்கும் மென்பொருள் எதுவானாலும், கோப்புகளைப் பொதுவான வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்று கையெழுத்திடுமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். கேட்டால் விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

நாம் சென்றிருந்த அந்தச் சங்கத்தின் காரியதரிசிக்கு, அடுத்த கூட்டத்திற்கு முன் எக்ஸ்பி கணினியின் டிஸ்கைப் படியெடுத்துவிடும்படி கடிதம் எழுதியிருக்கிறோம். படியெடுக்கும்போது டிசைன் வரையும் பெரியவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தக் கோப்பு எந்தப் புடவைக்கு உரியது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளும்படியும் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் வாசகர்களுக்கு அறிவிப்போம்.