அங்கோரா முயல்: ஈப்போ வெயிலில் கம்பளிக் கணக்கு ஒத்துவருமா?

பேராக்கில் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்துவிட்டன. அந்தத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுங்கை சிப்புட், கோப்பெங், பத்து காஜா, ஈப்போ சுற்றுவட்டாரத்தில் குடியேறியிருக்கிறார்கள். தோட்டம் போனாலும் கால்நடை வளர்க்கும் பழக்கம் போகவில்லை. லயத்துக்குப் பின்னால் மாடும் ஆடும் கட்டியிருந்த குடும்பங்கள் இப்போதும் ஆடு, கம்பத்துக் கோழி, கெலி மீன் என்று ஏதோ ஒன்றில் கூடுதல் வருமானம் தேடுகின்றன.

அந்தத் தேடலில் முயலும் இடம்பிடித்திருக்கிறது. முயல்களில் அங்கோரா இனம் பார்த்ததுமே மனத்தைக் கவர்கிறது. பஞ்சுப் பொதிபோல வெண்மையான உடல். இறைச்சிக்காக அறுக்க வேண்டியதில்லை. 3 மாதத்திற்கு ஒருமுறை ரோமத்தைக் கத்தரித்தால் போதும், முயல் மீண்டும் வளர்த்துத் தரும். உயிரைக் கொன்று பிழைக்க விரும்பாத குடும்பத்திற்கு இதைவிட நல்ல தொழில் ஏது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் சேமிப்பையோ கடனையோ இதில் போடுவதற்கு முன், கணக்கை ஒவ்வொரு படியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ரோமத்தின் அருமை

இன்றைய துருக்கியின் தலைநகரான அங்காராவின் பழைய பெயரே அங்கோரா. இந்த முயலின் ரோமம் மிக மெல்லியது. மெரினோ செம்மறி ஆட்டின் ரோமத்தைவிடவும் மெலிந்தது. ஒவ்வொரு இழையின் உள்ளேயும் காற்று அடைபட்ட சிறு வெற்றிடங்கள் உண்டு. அதனால்தான் எடை குறைவாக இருந்தும் அதிகக் கதகதப்பைத் தருகிறது. ஜெர்மன் அங்கோரா இன முயல் குளிர் நாட்டில், நல்ல பராமரிப்பில், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ரோமம் கொடுக்கும்.

அந்த ஒரு கிலோ சும்மா கிடைப்பதில்லை. வாரந்தோறும் ரோமத்தைச் சீவிவிட வேண்டும். விட்டுவிட்டால் சிக்குப் பிடித்து முடிச்சாகிவிடும். முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது ரோமத்தை விழுங்கும். பூனையைப்போல அதனால் வாந்தி எடுத்து வெளியேற்ற முடியாது. வயிற்றில் ரோமம் உருண்டையாகச் சேர்ந்து முயல் இறந்துபோவது அங்கோரா வளர்ப்பவர்கள் எல்லாரும் அஞ்சும் ஒன்று.

வெயில்தான் முதல் தடை

முயலுக்கு மனிதரைப்போல வியர்க்காது. உடல் சூட்டை அது பெரும்பாலும் காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் வெளியேற்றுகிறது. 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு இதமான வெப்பம். 30 டிகிரியைத் தாண்டினால் தீனி எடுப்பது குறையும், ஆண் முயலின் இனப்பெருக்கத் திறன் சரியும், குட்டிகள் பிழைப்பது கடினமாகும். உடல் முழுவதும் கம்பளி போர்த்திய அங்கோராவுக்கு மற்ற முயல்களைவிடத் துன்பம் அதிகம்.

ஈப்போவில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 33 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. காற்றில் ஈரப்பதமும் அதிகம். வறண்ட ஊர்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காற்றாடியைச் சுழலவிட்டுக் கொட்டகையைக் குளிர்விக்கலாம். ஈரம் நிறைந்த ஈப்போ காற்றில் அந்த வழி அதிகம் பலன் தராது. மிஞ்சுவது குளிர்சாதனம், அதற்கான மின்கட்டணமே வருமானத்தை விழுங்கிவிடும்.

சூட்டைத் தணிக்க ரோமத்தை அடிக்கடி கத்தரித்தால் என்ன என்று கேட்கலாம். முயல் பிழைக்கும், ஆனால் ரோமம் குட்டையாகிவிடும். அங்கோரா ரோமத்தின் தரமும் விலையும் அதன் நீளத்தையும் சுத்தத்தையும் பொறுத்தவை. முயலுக்கு நல்லது செய்தால் ரோமத்தின் தரம் கெடும். ரோமத்தை வளரவிட்டால் முயல் வாடும். ஈப்போவில் அங்கோரா வளர்ப்பின் அடிப்படைச் சிக்கல் இதுதான்.

இதில் சட்டமும் உண்டு. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்கைத் தேவையற்ற துன்பத்திற்கு ஆளாக்குவது குற்றம். 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

20 முயல், ஓர் ஆண்டு

ஒரு குடும்பம் 20 அங்கோரா முயல்களை வளர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் காரணமாக முயலுக்கு 800 கிராம் வீதம் கிடைத்தால் ஆண்டுக்கு மொத்தம் 16 கிலோ ரோமம். கிலோவுக்கு 150 ரிங்கிட் தர ஒருவர் முன்வருகிறார் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் ஆண்டு வருமானம் 2,400 ரிங்கிட்.

இனி செலவு. ஒரு முயல் நாளுக்கு 150 கிராம் குருணைத் தீவனம் தின்றால், 20 முயலுக்கு நாளுக்கு 3 கிலோ, ஆண்டுக்கு 1,095 கிலோ. கிலோ 3 ரிங்கிட் என்று கொண்டால் 3,285 ரிங்கிட். தொடக்கத்திலேயே 885 ரிங்கிட் நட்டம். தீவனத்தில் பாதியைக் குறைத்துப் புல்லும் தழையும் கொடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 750 ரிங்கிட் மிஞ்சும். அதாவது மாதத்திற்கு 63 ரிங்கிட். கூண்டு, மருந்து, மின்சாரம், இறந்துபோகும் முயல் ஆகிய எதுவும் இதில் சேரவில்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு முதல் மாதம் 1,700 ரிங்கிட்.

இங்குள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. யாரும் தங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம். ரோமத்தின் விலையை இரண்டு மடங்காக்கினாலும் ஒரு குடும்பம் வாழும் வருமானம் வருவதில்லை.

இலவசமாகக் கிடைக்கும் தழையிலும் கவனம் தேவை. செம்பனைத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளிப்பது வழக்கம். பராகுவாட் நச்சு மருந்துக்கு 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை உண்டு என்றாலும் மற்ற களைக்கொல்லிகள் பயன்பாட்டில்தான் இருக்கின்றன. எப்போது மருந்து அடித்தார்கள் என்று தெரியாத இடத்தில் அறுத்த புல்லை முயலுக்குப் போடக் கூடாது.

வாங்குபவர் யார்?

உலகின் அங்கோரா ரோமத்தில் மிகப் பெரும் பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2013ஆம் ஆண்டின் இறுதியில், அங்குள்ள பண்ணைகளில் உயிருள்ள முயல்களின் ரோமத்தைப் பிடுங்கும் காட்சிகளை விலங்குரிமை அமைப்பான பீட்டா வெளியிட்டது. எச் அண்ட் எம் உள்ளிட்ட பெரிய ஆடை நிறுவனங்கள் அங்கோராவைக் கைவிட்டன. சாரா ஆடைகளை விற்கும் இண்டிடெக்ஸ் 2015இல் அதே முடிவை எடுத்து, கையிருப்பில் இருந்த ஆடைகளைச் சிரிய அகதிகளுக்குக் கொடுத்துவிட்டது. பெரிய வாங்குபவர்களே விலகிய சந்தையில் ஈப்போவிலிருந்து 16 கிலோவை எடுத்துச் சென்று விற்பது எளிதல்ல.

உள்நாட்டிலேயே நூற்றுப் பின்னலாம் என்றால் இன்னொரு தடை வரும். அங்கோரா இழை வழுவழுப்பானது. தனியாக நூற்றால் பிடிப்பின்றி உதிரும். அதனால் பெரும்பாலும் ஆட்டுக் கம்பளியோடு கலந்தே நூற்பார்கள். மலேசியாவில் வளர்க்கப்படும் செம்மறி ஆடுகள் இறைச்சிக்கானவை. கலப்பதற்கான கம்பளியையும் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். அப்படிப் பின்னிய சால்வையை ஈப்போவில் யார் போர்த்திக்கொள்வார்கள்?

மன்னவனூரில் நடப்பது

தமிழ்நாட்டில் இதற்குப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொடைக்கானல் மேல்மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் மன்னவனூர் இருக்கிறது. இந்திய மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அங்கு இயங்குகிறது. அந்தக் குளிரிலும் அந்த மையம் விவசாயிகளுக்கு வளர்க்கக் கொடுத்துவருவது வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்களையே.

அதே நிலையம் அங்கோராவை வளர்ப்பது வடக்கே இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், கர்சா என்ற இடத்தில். அங்கு குளிர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சால்வை நெய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. கம்பளி வாங்கவே வரும் சுற்றுலாப் பயணிகளும் இருக்கிறார்கள். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில்தான் அங்கோரா ஒரு தொழிலாகிறது. ஈப்போவில் மூன்றுமே இல்லை.

பேராக்கிலேயே குளிர்ந்த இடம் வேண்டுமென்றால் தைப்பிங் அருகே புக்கிட் லாரூட் இருக்கிறது. ஆனால் அது பண்ணை நிலம் கிடைக்கும் இடமல்ல. சிம்பாங் பூலாய் சாலையிலோ தாப்பா சாலையிலோ ஏறினால் வரும் கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்குள்ளவர்கள் சில அங்கோராக்களை வளர்த்து, பயணிகளுக்குக் காட்டி, சிறு கைவினைப் பொருள்கள் விற்கலாம். அங்கும் வருமானம் பெரும்பாலும் பயணிகளிடமிருந்துதான் வரும், ரோமத்திலிருந்து அல்ல.

ஈமு கொடுத்த அடி

‘முயலை எங்களிடம் வாங்குங்கள், ரோமத்தை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்று யாராவது சொன்னால், பெருந்துறையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஈரோடு மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் சுசி ஈமு நிறுவனம் இதே முறையில்தான் பணம் திரட்டியது. முதலீட்டாளர் பணம் கட்டினால் ஈமு குஞ்சுகளும் கொட்டகையும் தீவனமும் கிடைக்கும், மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் வரும் என்றது. 2012இல் அது சரிந்தது. ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தனர். தீனியின்றித் தவித்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டியதாயிற்று. ஈமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் உண்மையான சந்தை இருக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களின் பணமே பழையவர்களுக்குப் போனது.

மலேசியாவில் பொதுமக்களிடம் பணம் பெற்று இலாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லும் திட்டங்களுக்கு 2016ஆம் ஆண்டின் ‘ஸ்கிம் கெபெந்திஙான்’ சட்டம் உண்டு. மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மிடம் அத்திட்டம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நிறுவனம் பதிவானது என்பது வேறு, திட்டம் பதிவானது என்பது வேறு. கேட்க வேண்டியது இரண்டாவதை.

கூண்டுக்கு முன் நிலம்

தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்கள் இன்று மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றன. அங்கு 20 முயல் வளர்க்க இடமில்லை. வெளியே நிலம் கிடைத்தாலும் அது பெரும்பாலும் தற்காலிகக் குடியேற்ற உரிமமான டிஓஎல் நிலமாக இருக்கும். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பித்தால்தான் அடுத்த ஆண்டு உண்டு. கொட்டகை கட்டிய முதலீட்டுக்கு ஓராண்டு உத்தரவாதம்கூட இல்லை.

தெக்குன் நேஷனலின் ஸ்புமி, அமானா இக்தியார் மலேசியாவின் ‘பெண்’ போன்ற இந்தியர்களுக்கான நிதித் திட்டங்கள் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவை நல்ல வாய்ப்புகள். ஆனால் அவை கடன், இனாம் அல்ல. முதல் ரோமம் விற்பதற்கு முன்பே தவணை தொடங்கிவிடும்.

அப்படியானால் எது நடக்கும்?

முயலை ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை. குட்டை ரோம இறைச்சி இனங்கள், நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் பேராக்கின் சமவெளியிலும் தாங்கும். முயல் இறைச்சி ஹலால் என்பதால் மலாய்க்காரர் சந்தையும் திறந்திருக்கிறது. முயல் புழுக்கையை மக்க வைக்காமல் அப்படியே செடிக்குப் போடலாம். காய்கறித் தோட்டக்காரர்களும் பூச்செடி விற்பவர்களும் அதை வாங்குவார்கள். அறுக்க மனமில்லாத குடும்பங்களுக்கு உரமும் செல்லப்பிராணி விற்பனையும் மிஞ்சும். நான்கைந்து முயலோடு தொடங்கி, ஓராண்டு கணக்கு எழுதிப் பார்த்த பிறகு கூட்டுவதே பாதுகாப்பு.

நோய் வந்தால் பேராக் மக்களுக்கு ஒரு வசதி உண்டு. நாட்டின் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் 1948 முதல் ஈப்போவிலேயே இருக்கிறது. கால்நடை சேவைத் துறை அலுவலகத்தில் பண்ணையைப் பதிவு செய்துகொண்டால் ஆலோசனை கேட்கும் வழி திறக்கும்.

பின்னல் வேலையில் ஆர்வமுள்ள பெண்கள் முயல் வளர்க்கத் தேவையே இல்லை. நூலை விலைக்கு வாங்கி, பருத்தியிலோ கம்பளியிலோ பொம்மை, பை, குழந்தைத் தொப்பி பின்னி இணையத்தில் விற்கலாம். கைத்திறன் வெயிலில் வாடாது.

1950களின் இறுதியில் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டபோது, சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தரான துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்கை வாங்கினார்கள். அந்தச் சிறுபணம் ஒன்று சேர்ந்து தோட்டங்களாயிற்று. இன்றும் நிலமாக நிற்கிறது. இன்று முயலுக்காகத் தனித்தனியே கடன் வாங்க நினைக்கும் 10 குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்தால், முதலில் ஒரு துண்டு நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்க முடியும். அதன் பிறகு அங்கே எந்த முயலை வளர்ப்பது என்று பேசலாம்.