ஒற்றைக் கட்டில் அளவு வெயில்

சித்திரை மாத நண்பகலில் குழாயைத் திறந்து, கையை நீட்டி, சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு நடப்பது. மொட்டை மாடியில் நிற்கும் கறுப்புத் தொட்டியும் சுவரோரமாக இறங்கும் குழாயும் யாரும் கேட்காமலே வெந்நீர் போட்டு வைத்துவிடுகின்றன. ஆறட்டும் என்று வாளியில் பிடித்து வைக்கிறோம். மார்கழி பிறந்ததும் அதே தொட்டித் தண்ணீரைக் கீசருக்குள் விட்டு மின்சாரத்தில் சுட வைக்கிறோம். மார்கழியிலும் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் மாடியில் நல்ல வெயில்தான். தையில் நெல் காயவும் மாசியில் வடாம் காயவும் வெயில் எவ்வளவு வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குக் கணக்குத் தெரியும். குளிக்கிற தண்ணீருக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை மட்டும் நாம் போடவே இல்லை.

‘நாம்’ என்று இங்கே சொல்வது சொந்த வீடும் அதன்மேல் சொந்த மாடியும் உள்ளவர்களை. வாடகை வீட்டில் இருப்பவர்களும் குடிசையில் இருப்பவர்களும் இந்தக் குற்றச்சாட்டில் சேரமாட்டார்கள். முடிவெடுக்கும் இடத்தில் இருந்தது நாம்தான். வீடு கட்டும்போது டைல்ஸ் பார்க்கக் கடை கடையாக ஏறி இறங்கினோம். குளியலறைக்குக் குளியலறை கீசர் பாயின்ட் வைக்கச் சொன்னோம். மாடியிலிருந்து ஒரு வெந்நீர் லைன் இறக்குங்கள் என்று பிளம்பரிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வதுகூட நமக்கு நாமே காட்டும் சலுகை. அது நம் யோசனையிலேயே இல்லை.

அந்தக் கணக்கை இப்போதாவது போடுவோம். ஒருவர் குளிக்க ஒன்றரை வாளி, அதாவது 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 120 லிட்டர். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை உடம்புக்கு இதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர 2 யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 125 யூனிட். அரசு நமக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருவது 100 யூனிட். ஏழை வீட்டில் விளக்கெரியவும் மின்விசிறி சுற்றவும் என்று மக்கள் வரிப்பணத்தில் கொடுக்கிற அந்தச் சலுகையை, வசதியான வீட்டில் இருக்கிற நாம் முழுக்கக் குளியலறையிலேயே கரைத்துவிடுகிறோம்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றும் நாம் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் காற்றாலையும் அணுமின் நிலையமும் இருந்தாலும், நாம் எழுந்து கீசரைப் போடும் விடிகாலை ஐந்தரை, ஆறு மணிக்கு நம்மை அதிகம் தாங்குவது நிலக்கரிதான். ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூர் வந்து இறங்குகிறது. அனல்மின் நிலையத்தில் எரிகிற நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் போய்விடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தை இழந்து உண்டாக்கிய மின்சாரத்தை, வீட்டுக்குக் கொண்டுவந்து திரும்பவும் வெப்பமாக்குகிறோம், அதுவும் பதினைந்து டிகிரிக்காக. நம் இரண்டு யூனிட்டும் நிலக்கரியிலிருந்து வந்தது என்று கொண்டால், அன்றாடம் ஒன்றரைக் கிலோவை ஒட்டிய நிலக்கரி. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆக ஒரு வீட்டின் ஒருநாள் குளியலுக்கு அரைக் கிலோ சாம்பல்.

அந்தச் சாம்பல் நம் வாசலில் கொட்டுவதில்லை. எண்ணூர்ப் பக்கம், கொசஸ்தலை ஆற்றங்கரையில் கொட்டுகிறது. சாம்பல் குழாய்கள் கசிந்து அந்தக் கழிமுகம் சேறும் சாம்பலுமாகக் கெட்டிப்பட்டதை அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இறால் தடவிப் பிடித்த இடத்தில் இடுப்பளவு சாம்பலில் நிற்கிறோம் என்ற அவர்கள் முறையீட்டைச் செய்தியாகப் படித்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறோம். எண்ணூரைச் சாம்பலாக்கியதில் ஆலைகளின் பங்கும் அரசின் பங்கும் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் அந்த மின்சாரத்தில் நாம் செய்த காரியங்களிலேயே மிக எளிதாக விட்டிருக்கக்கூடியது இந்த வெந்நீர்தான். அதை விட நமக்கு மனம் வரவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

“நம்ம ஊர் வெயிலுக்கு வெந்நீர் எதுக்குங்க, சோலார் எல்லாம் பெங்களூர்க்காரங்களுக்கு” என்று சொல்லிக்கொண்டோம். பெங்களூருவில் படிக்கவும் வேலை பார்க்கவும் போன நம் பிள்ளைகளின் வீட்டு மாடியில் நின்று பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் ஹீட்டர்களின் உருளைத் தொட்டிகள் தெரியும். அங்கே புது வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கும் நிபந்தனையிலேயே அதைச் சேர்த்தார்கள்; பொருத்தியவர்களுக்கு மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 காசு தள்ளுபடியும் கொடுத்தார்கள். சைப்ரஸ் தீவில் பெரும்பாலான வீடுகளில் வெந்நீர் வெயிலிலிருந்துதான். இஸ்ரேல் 1980லேயே புது வீடுகளுக்குச் சட்டம் போட்டுவிட்டது. இந்த ஊர்களைவிட நம்முடையது சூடான ஊர் என்றால், நம் தண்ணீரை ஏற்ற வேண்டிய டிகிரியும் குறைவு. சாக்காகச் சொன்னதே நமக்குச் சாதகம்தான். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 யூனிட் அளவு வெயில் நம் மாடியில் விழுகிறது. 2 சதுர மீட்டர் தகடு, ஒற்றைக் கட்டில் போடும் இடம், இருந்தால் அன்றாடம் 100 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும். கையைச் சுடும் அந்த நீரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் நால்வர் குளித்தபின்னும் மிஞ்சும்.

நமக்கும் வாய்ப்பு வராமல் இல்லை. 2010இல் தொடங்கிய தேசிய சூரிய சக்தி இயக்கம், 2022க்குள் நாடு முழுவதும் 2 கோடி சதுர மீட்டர் வெந்நீர்த் தகடுகள் என்று இலக்கு வைத்தது. மானியம் கிடைத்தது, 2014இல் அது நின்றது. தமிழ்நாட்டின் கட்டட விதிகளிலும் சூரிய ஆற்றலுக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் பிரிவு இருக்கிறது. வரைபடத்தில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டு அனுமதி வாங்கினோம். வீடு எழும்பியபின் அந்தக் கட்டத்தில் துணி காயவைக்கும் கம்பி கட்டினோம். யாரும் வந்து கேட்கவில்லை என்பது உண்மை. யாராவது வந்து கேட்டால்தான் செய்வோம் என்று இருந்ததும் உண்மை.

வாங்காதவர்களை விட, வாங்கிப் பொருத்திச் சாகவிட்டவர்களின் கதைதான் இன்னும் வருத்தம் தருவது. கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊரின் மாடிகளிலும் அவற்றைப் பார்க்கலாம்: உடைந்த கண்ணாடிக் குழல்கள், துருப்பிடித்த தாங்கி, மூடி பெயர்ந்த தொட்டிக்குள் புறாக்கூடு. “சோலார் நமக்கு ஒத்துவராதுங்க” என்று வீட்டுக்காரர் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டுக் கீசர் வாங்குவார். ஒத்துவராமல் போனது எதனால் என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. திறந்து பார்த்தால் முதலில் தெரிவது உப்பு. நாம் ஏற்றியது போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு ஏற ஏறச் செப்புக் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து, சுண்டு விரல் நுழையாத துவாரமாக அடைத்துவிடும். சிறுவாணித் தண்ணீரில் பல ஆண்டு ஓடும் அதே ஹீட்டர், புறநகரில் ஆயிரம் அடி போர் தண்ணீரில் சீக்கிரமே மூச்சுத் திணறும். உப்புத் தண்ணீருக்கென்றே, வீட்டுத் தண்ணீர் தகட்டுக்குள் போகாமல் தனிச் சுற்றில் வெப்பத்தை மாற்றித் தரும் வகை இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். கடையில் நாம் கேட்ட ஒரே கேள்வி விலை என்பதால், கடைக்காரரும் நம் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

தொட்டிக்குள் ஒரு மக்னீசியம் ராடு இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பது அதன் வேலை. கரைந்து முடிந்ததும் மாற்ற வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தண்ணீர் லைனை அடைத்துவிட்டுப் போவோம். திரும்பி வந்து நடுப்பகலில் திறப்போம். வெறும் குழலாகக் காய்ந்து கிடந்த கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்ததும் விரிசல் விடும். விடிகாலையில் திறந்திருந்தால் அந்தக் குழல் பிழைத்திருக்கும். தென்னை மட்டை விழுந்து ஒரு குழல் உடைந்தால், அந்த ஒன்றை மாற்ற ஆள் கூப்பிடாமல் முழு ஹீட்டரையும் கைவிட்டோம். தகட்டின்மேல் தூசி அடை அடையாகப் படிந்தது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிற வேலையை யார் செய்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்யவேயில்லை.

இவற்றைவிடப் பெரிய அலட்சியம் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலைந்து நாள் வெயிலே இல்லாமல் போனால் உதவட்டும் என்று தொட்டிக்குள் ஒரு மின் ஹீட்டர் வைத்திருப்பார்கள். மழை விட்டபின்பும் அதன் சுவிட்சை நாம் அணைக்கவில்லை. இரவெல்லாம் மின்சாரமே தொட்டியைச் சுட வைத்தது. காலையில் வெயில் வரும்போது தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். வெயிலுக்கு வேலையே இல்லை. 15 லிட்டர் கீசருக்குப் பதில் 200 லிட்டர் கீசரை மாடியில் வைத்து ஆண்டு முழுவதும் ஓட்டிவிட்டு, சோலார் போட்டும் கரண்ட் பில் குறையவில்லை என்று குறைப்பட்டோம்.

நம் அலட்சியத்தின் விலையை வேறு சிலரும் கொடுத்தார்கள். நம் வீட்டு மேல் மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு மாடியில் எதையும் பொருத்த உரிமை இல்லை. கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் அந்த வீட்டுப் பெண் கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்து, கொதிக்கிற குண்டானைத் துணியால் பிடித்துச் சமையலறையிலிருந்து குளியலறை வரை தூக்கிக்கொண்டு நடக்கிறார். வழியில் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டினால் என்ன ஆகும் என்று எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும். விடுதிப் பிள்ளைகள் பிளாஸ்டிக் வாளிக்குள் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு, அணைக்காமலே கையை விட்டுப் பார்க்கிறார்கள். பத்து வீடு வாடகைக்கு விட்டவரும் விடுதி நடத்துபவரும் நம்மில் ஒருவர்தான். மாடி நம்மிடம் இருந்தது. வெந்நீர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் ஒரு குழாயால் சேர்த்திருக்கலாம்.

இப்போது மாடியில் மின்சாரம் தரும் சோலார் பேனல்கள் வேகமாக வருகின்றன. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. நல்லது, வரட்டும். ஆனால் பேனல் போட்டாகிவிட்டது, கீசர் இனி இலவசம் என்று நினைத்தால் அங்கும் தவறுவோம். பேனல், விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். வெந்நீர்த் தகடு பாதியையாவது பிடித்துவிடும். விடிகாலை ஆறு மணிக் கீசருக்குப் பேனலிலிருந்து ஒன்றும் கிடைக்காது. நேற்றைய வெயிலைக் கெட்டியான உறை போர்த்திய தொட்டியில் இன்று காலை வரை சூடாக வைத்திருப்பது சோலார் ஹீட்டர்தான். மாடியில் நிழல் விழும் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் ஹீட் பம்ப் பொருந்தும். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுப்பதால், சாதாரணக் கீசர் எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் வேலை முடியும். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் அது இன்னும் நன்றாக ஓடும். பேனலோடு சேர்த்துப் பகல் நேரத்தில் ஓட்டினால் இன்னும் மேல். அடுக்குமாடி நலச்சங்கக் கூட்டங்களில் லிஃப்ட் பராமரிப்பும் வண்டி நிறுத்துமிடமும் பேசித் தீர்ந்தபின் இதற்கும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம்.

பழுதாகிக் கிடக்கும் ஹீட்டர் உள்ளவர்கள் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் ஒரு பிளம்பரை மாடிக்கு அழைத்துப் போங்கள். குளிர்நீர்த் தொட்டியின் அடிமட்டம் வெந்நீர்த் தொட்டியின் தலைக்கு மேல் ஓரடியாவது உயரத்தில் இருக்கிறதா, காற்றுப்போக்கிக் குழாய் குளிர்நீர்த் தொட்டியின் உச்சிக்கும் மேலே நிற்கிறதா, தகடு தெற்கு பார்த்திருக்கிறதா, பக்கத்தில் புதிதாக எழும்பிய மாடியின் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். பல ஹீட்டர்கள் உப்பைக் கழுவி, சில குழல்களை மாற்றினால் மறுபடி ஓடும். குளியலறை வரை வரும் குழாய்க்கு உறை போடச் சொல்லுங்கள். உறை இல்லாத நீளமான குழாயில் தேங்கி ஆறிய நாலைந்து லிட்டர் தண்ணீரை ஒவ்வொரு காலையும் சாக்கடையில் விட்டு வந்திருக்கிறோம். கீசரே வைத்திருப்பவர்கள் அதன் சூட்டளவை 50 டிகிரிக்குக் குறைத்து, குளிக்கப் போகும்முன் மட்டும் போட்டால் அதுவும் கணிசம்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நேரம் குறைவு. சுவர் பூச்சு முடிந்து டைல்ஸ் ஒட்டிவிட்டால், வெந்நீர் லைனுக்காக யாரும் சுவரை வெட்ட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த வாரம் பூச்சு வேலை நடக்கிறது என்றால், ஹீட்டர் வாங்குவது அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ ஆகட்டும். மாடியிலிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் ஒரு சி.பி.வி.சி. வெந்நீர் லைன் இறக்கி, மேல் முனையை அடைத்து வைக்கச் சொல்லுங்கள். வாடகைக்கு விடப்போகும் பகுதிக்கும் சேர்த்து.